ஆறு சதவீதத்துக்கு அப்பால்

"அதைத் தொடாதே. அது டீச்சரோடது."

"தொட்டா என்ன, கரைஞ்சிடுமா?"

"பெயின்ட் இன்னும் காயல, குண்டூசி. கைய எடு."

எடுத்தேன். என் விரல் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்தான், கோபப்படவில்லை. மெல்லிய தூரிகையை மறுபடி நனைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, போன புள்ளியை அதே இடத்தில் திரும்ப வைத்தான்.

"மொத்தம் எத்தனை?"

"நாப்பத்தெட்டு."

"எனக்கு எப்பவும் நாலுதானே வைப்பே?"

"நாலு போதும்னு நீதானே சொன்னே."

"நான் சொன்னா? கூடப் பிறந்தவளாச்சேன்னு நீயா ஒரு ஆறு வச்சிருக்கக் கூடாதா?"

அவன் சிரித்தான். "அடுத்த தடவை உனக்கு வானத்து நட்சத்திரம் பூராவும் வச்சுத் தர்றேன். இப்போ வெளிச்சத்தை மறைக்காதே."

அண்ணன் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் அழுத்தச் சோதனை இயந்திரத்தை ஓட்டுகிறவன். நான் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கணினி முன் உட்கார்ந்து, அவன் கீழே அழுத்தப்போகும் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவள். அவனுக்குப் பட்டம் கிடையாது, ஒன்பது வருடம் பழகிய கை இருக்கிறது. எனக்குப் பட்டங்கள் இருக்கின்றன, அவற்றோடு இந்த மாதக் கடைசியில் முடியப்போகும் ஓர் ஒப்பந்தமும் இருக்கிறது. குண்டூசி என்று எனக்குப் பெயர் வைத்தவன் அவன்தான். சிறியதாக இருப்பேன், குத்துவேன். இரண்டையும் என்னால் மறுக்க முடியாது.

மேசையில் கிடந்தது ஒரு ரப்பர் பலகை. புத்தக அளவு, இரண்டு விரல் கனம். அதில் வரிசை வரிசையாக உடுக்கை வடிவத் துளைகள். அழுத்தும்போது எந்த இடம் எப்படி நகர்கிறது என்று படமெடுத்துப் பார்க்கத்தான் அந்த வெள்ளைப் புள்ளிகள். சாதாரண ரப்பரை இழுத்தால் நீளும், இடுப்பு மெலியும். இதை இழுத்தால் ஒவ்வொரு உடுக்கையின் ஒடுங்கிய இடுப்பும் விரிந்து, பலகையே பக்கவாட்டில் பருத்துவிடும். அழுத்தினால் பிதுங்காமல் உள்ளே ஒடுங்கும். ஊரோடு ஒத்து வாழத் தெரியாத பொருள். எனக்கு அதைப் பார்த்த முதல் நாளே பிடித்துப்போனது.

செயற்கைக் கால் செய்யும் நிறுவனம் ஒன்று இதைக் கேட்டிருந்தது. வெட்டிய காலின் முனைக்கும் செயற்கைக் காலின் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு மெத்தை வேண்டும். சாதாரண ரப்பர் ஒவ்வொரு அடிக்கும் பிதுங்கித் தோலை உரசிப் புண்ணாக்குகிறது. இது உரசாது, அழுத்தம் விழும் இடத்தை நோக்கித் தன்னையே கூட்டிக்கொள்ளும். ஒரு மனிதர் நடக்கும்போது மெத்தை தன் உயரத்தில் பன்னிரண்டு சதவீதம் வரை அழுந்தும் என்று நிறுவனம் எழுதி அனுப்பியிருந்தது. அந்தத் தாள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. நான் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பது வழக்கம்.

மூன்றரை வருடமாக இந்தப் பொருளுக்குக் கணினி மாடல் எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நிறுவனத்தார் வருகிறார்கள். எங்களிடமிருந்து ஒரே ஒரு மாடல்தான் அவர்களுக்குப் போகும். எது போகிறதோ, அதை எழுதியவருக்கு இன்னும் இரண்டு வருடம் இங்கே வேலை. டீச்சர் மட்டும் வராமல் இருந்திருந்தால் அது என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்கு வந்தவள் அவள். என்னைவிட மூத்தவள். நேரில் பார்த்தால் என் வாய் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்லும், மனசுக்குள் ஒருநாளும் அந்த மரியாதை வந்ததில்லை. வந்த முதல் வாரமே கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய், ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணனை 'சார்' என்று கூப்பிட்டாள். அந்தக் கட்டடத்தில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. துறைத்தலைவருக்கு அவன் 'தம்பி', மாணவர்களுக்கு 'மிஷின் அண்ணா'. முதல் தடவை 'சார்' என்று கேட்டபோது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவன் திரும்பிப் பார்த்தானாம். இதை வீட்டில் அவனே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் அம்மா சமையல் மேடையில் சாப்பாட்டு டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னொரு டப்பா இருக்கா?" என்றான் அண்ணன்.

"எதுக்கு? மிஷினுக்குப் பசிக்குதாமா?"

"டீச்சர் மத்தியானம் வெறும் பிஸ்கட்டைத் தின்னுட்டு உக்காந்திருக்காங்க. பாவமா இருக்கு."

அம்மா மூடியைக் கீழே வைத்தாள். "எட்டு மாசமா இந்த டீச்சர் பாடம் நடத்தறாங்க. எனக்கு மட்டும் முகத்தைக் காட்ட மாட்டேங்கறாங்களே! ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா."

"அம்மா, சும்மா இரு. அவங்க நல்லா கேள்வி கேக்கறாங்க, அவ்வளவுதான்."

"கேள்வி கேட்டா சோறு போடுவியா? உங்கப்பாவை நான் முப்பது வருஷமா கேள்வி கேக்கறேன், ஒரு வாய் தண்ணி தந்ததில்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்கென்னடி, இஞ்சி தின்ன மூஞ்சி?"

ஒன்றுமில்லை என்றேன். மூன்றாவது டப்பாவில் போனது என் பங்கு என்று தோன்றியது. அம்மா மூன்றிலும் ஒரே அளவாகத்தான் வைத்தாள். ஆனாலும் வயிறு எரிந்தது. அவன் அவளைக் காதலித்திருந்தால்கூட என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும், அதைக் கிண்டல் செய்து ஒருமாதிரி தீர்த்திருப்பேன். அவன் பேசுவதை அவள் நோட்டில் எழுதிக்கொள்கிறாள் என்பதுதான் தாங்கவில்லை. என் அண்ணன் பேசுவதை எழுதிவைக்க என்ன இருக்கிறது என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் துறைத்தலைவருக்கு 'எட்டரை' என்று பெயர். மழை வந்தாலும் இடி விழுந்தாலும் காலை எட்டரைக்குக் கூட்டத்தை ஆரம்பித்துவிடுவார். அன்று வெள்ளிக்கிழமைக்கான ஒத்திகை.

"சுருக்கமா சொல்லுங்க," என்றார். "பத்து மணிக்கு எனக்குப் பல் டாக்டர். வாயைத் திறந்து வச்சுட்டு உங்க கிராஃபை நினைச்சுட்டிருக்க முடியாது."

நான் முதலில் பேசினேன். என் மாடலின் அழகு அதன் ஞாபகசக்தி. ரப்பர் ஒரே சுமையை நெடுநேரம் தாங்கினால் மெல்லத் தளரும், சுமையை எடுத்தபின் மெல்லத் தேறும். என் கணக்கு ஒவ்வொரு நொடியிலும் போன நொடிகளை நினைவில் வைத்திருக்கும். திரையில் அண்ணனின் சோதனைப் புள்ளிகள்மேல் என் கோடு மயில்கழுத்து நீலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு புள்ளிகூட விலகவில்லை.

"பிரமாதம்," என்றார் எட்டரை. "ஆனா ஆறு சதவீதத்தோட நிக்குதே. அதுக்கு மேல?"

"அதுக்கு மேல மிஷின் தட்டோட கோணல் டேட்டாவுல கலந்துடுது சார். அதனால விட்டுட்டேன்."

கதவோரம் நின்றிருந்த அண்ணன் தன் காலணியைப் பார்த்தான்.

ஆறு சதவீதத்தில் ஒரு முழங்கை இருந்தது. அப்படித்தான் அதை நாங்கள் சொல்வோம். அதுவரை நேராக ஏறிவந்த சோதனைக் கோடு அங்கே மடங்கிப் படுத்துவிடும். என் கோடு மடங்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை முதலில் பார்த்தபோது அண்ணன் என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினான். "இங்க பாரு, துளையெல்லாம் ஒண்ணு விட்டு ஒண்ணு முகத்தைத் திருப்பிக்குது. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி." நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உன் தட்டு கோணலா இருக்கு, அதான்," என்றேன். அவன் இரண்டு விடுமுறை நாள் வந்து, ரசமட்டம் வைத்து, தட்டுகளுக்கு அடியில் தாள் கொடுத்து மட்டம் பார்த்தான். முழங்கை போகவில்லை. அவன் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் வரைபடத்தை ஆறோடு வெட்டிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அத்தனை சுலபமாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அடுத்து டீச்சர் எழுந்தாள். அவள் படங்கள் அழகாக இல்லை. பள்ளிக்கூடக் கரும்பலகையில் வரைந்த மாதிரி கட்டம் கட்டமாக இருந்தன.

"நான் ஒரு துளையை மட்டும் எடுத்துக்கல சார். பக்கத்துப் பக்கத்துல நாலு. நடுவுல கண்ணாடி வைக்கல."

கண்ணாடி என்று அவள் சொன்னது என்னைத்தான். நான் ஒரு உடுக்கையில் கால் பங்கை மட்டும் கணக்கிட்டு, மற்றதெல்லாம் அதன் கண்ணாடி பிம்பம் என்று கணினியிடம் சொல்லியிருந்தேன். நேரம் மிச்சம், எல்லோரும் செய்வதுதான். ஆனால் கண்ணாடிக் கோட்டில் இருக்கும் எதுவும் பக்கவாட்டில் அசையக் கூடாது என்பது அதன் விதி. அதனால் என் உடுக்கையால் சாயவே முடியாது.

"அழுத்தறப்போ ஒண்ணை மட்டும் ஒரு மயிரிழை பக்கவாட்டுல தள்ளி விட்டேன்," என்றாள். "அஞ்சு வரைக்கும் ஒண்ணும் ஆகல. ஆறைத் தாண்டினதும் இது இடப்பக்கம் சாயுது, பக்கத்துல இருக்கறது வலப்பக்கம் சாயுது. அப்புறம் பலகை முழுக்க அதே கதைதான்."

திரையில் அவள் கோடு ஏறி, ஆறில் மடங்கி, படுத்து, பன்னிரண்டு வரை போனது. சோதனைப் புள்ளிகளிலிருந்து அங்கங்கே விலகித்தான் இருந்தது. ஆனால் முழங்கை இருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்த மயிரிழை எங்கிருந்து வந்தது? விடையைப் பார்த்துட்டு கணக்குப் போட்ட மாதிரி இருக்கே."

"ஆமா, பார்த்துட்டுதான் போட்டேன்," என்றாள் டீச்சர், கொஞ்சமும் சுணங்காமல். "முதல் வாரமே சார் சொல்லிட்டாரு, ஒண்ணு விட்டு ஒண்ணு சாயுதுன்னு. நேத்துதான் புள்ளி வச்சுப் படம் எடுத்து உறுதி பண்ணினோம். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். வீட்டுலயே இருக்காரே!"

எல்லோரும் சிரித்தார்கள். எட்டரைகூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்கு அவன்மேல் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

"ரெண்டும் அரைக் கிணறு," என்றார் எட்டரை. "ஒண்ணுக்கு ஞாபகம் இருக்கு, சாயத் தெரியல. இன்னொண்ணுக்கு சாயத் தெரியுது, ஞாபகம் இல்ல. கம்பெனி புதுப் பலகை ஒண்ணு அனுப்பியிருக்கு, சுவர் இன்னும் மெல்லிசு. ஒரே ஒரு பலகைதான், நீங்க ரெண்டு பேரும் பார்த்ததில்ல. நாளைக்குப் பத்து மணிக்குத் தம்பி அதை அழுத்துவார். அதுக்கு முன்னாடி உங்க கோட்டை வரைஞ்சு உறையில போட்டு ஒட்டி என் மேசையில வச்சிடுங்க. எது பொருந்துதோ அது வெள்ளிக்கிழமை போகும்."

"எதுவரைக்கும் அழுத்தணும் சார்?" என்று கேட்டான் அண்ணன்.

"அது உன் கையில. வெள்ளிக்கிழமை அவங்க முன்னாடி அதே பலகையைக் காட்டணும், கிழிச்சிடாதே. எங்க நிறுத்தணும்னு உனக்குத் தோணுதோ, அங்க நிறுத்து."

மத்தியானம் டீச்சர் இரண்டு கோப்பைத் தேநீரோடு மூன்றாம் மாடிக்கு வந்தாள். ஒன்றை என் மேசையில், நிறுவனத்தின் அந்தத் தாள் இருந்த இடத்திலேயே வைத்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

"காலைல நான் அப்படிச் சொன்னது தப்பாப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

"அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணு கேக்கலாமா? உங்க ரப்பர் கணக்கு எனக்கு வராது. நாலு ராத்திரி உக்காந்து பார்த்தேன், மண்டையில ஏறல. என் நாலு கட்டத்துல உங்க ரப்பரைப் போட்டா என்ன? ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே உறையாக் குடுப்போம். பெரிய சார்கிட்ட நான் பேசறேன்."

அவள் கண்களில் கள்ளம் எதுவும் இல்லை. இருக்கிறதா என்று நன்றாகத் தேடினேன். சேர்ந்து செய்திருந்தால் மாலைக்குள் கணக்கின் நுணுக்கத்தைக் குறைத்து, ஏற்கெனவே ஓடும் அவள் கட்டங்களிலிருந்து தொடங்கி, ஏதோ ஒன்றை ஓட்டியிருக்கலாம். நல்ல மாடலாகக்கூட வந்திருக்கும். ஆனால் அதில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருக்கும். மூன்றரை வருடத்துக்குப் பக்கத்தில் எட்டு மாதம், அதே எழுத்து அளவில்.

"என்னோடது ரெடியா இருக்குங்க," என்றேன். "ஒண்ணும் மாத்த வேண்டியதில்ல."

"அப்படியா," என்றாள். "அப்போ சந்தோஷம்." தன் கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். படியில் அவள் காலடிச் சத்தம் இரண்டாம் மாடி, முதல் மாடி என்று இறங்கி, கீழ்த்தளம் வரை போனதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, என் கணக்கிலிருந்து கண்ணாடிகளை எடுத்தேன். அவள் சொன்ன நாலு உடுக்கைகளையும் புதுப் பலகையின் அளவில் நானே வரைந்தேன், அவள் சொன்ன மயிரிழையையும் கொடுத்தேன். திருட்டு என்று இதற்குப் பெயர் வைக்க முடியாது, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் உடுக்கைக்கே ஐந்து மணி நேரம் எடுக்கும் கணக்கு இது. நாலு முழு உடுக்கை என்றால் பதினாறு மடங்கு. பாதி விவரங்களைக் குறைத்து, விடியும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தேன். ஐந்து சதவீதம் தாண்டி, ஐந்தே முக்கால் தாண்டி, ஐந்து புள்ளி ஒன்பதில் கணக்கு நின்றிருந்தது. விடைக்கு வந்து சேர முடியவில்லை என்று ஒரு சிவப்பு வரி. சாய்வதா நேராக நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டிய அந்தத் துல்லியமான இடத்தில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கணினி நின்றுவிட்டிருந்தது. நேரத்தை இன்னும் சிறு துண்டுகளாக நுணுக்கி, பக்கவாட்டுத் தள்ளலைக் கூட்டி, இன்னும் பத்துத் தடவை ஓட்டினால் தாண்டிவிடும். அதற்கு ஒரு வாரமாவது வேண்டும். என்னிடம் மூன்று மணி நேரம் இருந்தது.

ஒன்பது மணிக்குப் பழைய மாடலில் புதுப் பலகையின் அளவுகளைப் போட்டு ஒரு கோடு வரைந்தேன். மயில்கழுத்து நீலம். பன்னிரண்டு வரை நேராக ஏறிற்று, எங்கும் மடங்காமல். உறையில் போட்டு ஒட்டி எட்டரையின் மேசையில் வைத்தேன். டீச்சரின் உறை அங்கே ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் தன் பெயரைப் பெரிய, உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தாள்.

கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். அண்ணன் தனியாக இருந்தான். புதுப் பலகை அடித்தட்டின்மேல் நடுவில் நின்றுகொண்டிருந்தது. இந்த முறையும் நாற்பத்தெட்டு புள்ளிகள். மேல்தட்டு அதைத் தொடாமல் ஒரு முடியளவு மேலே காத்திருந்தது. ரசமட்டத்தைத் தட்டின்மேல் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேராத்தான் இருக்கு," என்றான், நான் ஒன்றும் கேட்காமலே. "வேணும்னா நீயே பாரு."

குனிந்து பார்த்தேன். குமிழ் நட்டநடுவில் நின்றது.

"நீ அன்னைக்கு சொன்னது சரிண்ணா," என்றேன். "தட்டு கோணல் இல்ல. நான் பார்த்திருக்கணும்."

அவன் நிமிரவில்லை. ரசமட்டத்தைத் துணியில் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தான். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. சின்ன வயதில் பாராட்டினாலும் திட்டினாலும் அவனுக்கு அதுதான் சிவக்கும்.

"ரெண்டு வருஷம் ஆச்சு குண்டூசி," என்றான் கடைசியில். "பரவால்ல. இப்பவாவது சொன்னியே. அவங்களுக்கு முன்னாடியே உங்கிட்டதான் சொன்னேன் தெரியுமா? யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி."

"தெரியும்."

"உறை வச்சிட்டியா?"

"ம்."

"புதுசா, பழசா?"

"பழசு. புதுசு ஓடல."

அவன் என்னைப் பார்த்தான். ஒன்பது வருடமாக விதவிதமான பொருள்கள் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று பார்த்துப் பழகிய கண்கள். நான் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டேன்.

"டீச்சர் வந்ததும் ஆரம்பிச்சிடலாம்," என்றான். "பத்துக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு." இயந்திரத்தின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். வேகம், தொடக்கச் சுமை எல்லாவற்றையும் ஏற்கெனவே அடித்துவைத்திருந்தான். கடைசியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது: எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது. அதற்குள் சின்னக் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் ஆள்காட்டி விரல் ஒன்று என்ற எண்ணின்மேல் போய் நின்றது. அடுத்து இரண்டை அடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

ஆறுவரை என் கோட்டை யாராலும் அசைக்க முடியாது. அவளுடையது அதற்குள்ளேயே இரண்டு இடத்தில் தடுமாறும்.

மாடிப்படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடி. முதல் மாடி.

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அண்ணா, பன்னெண்டு போடாதே. கிழிஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சுன்னு சொல்லிடு, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, சாரே உன் கையிலதான் விட்டிருக்காரு. வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் நானே அவங்ககூட உக்காந்து எல்லாத்தையும் சரி பண்றேன், சத்தியமா. இதுவரைக்கும் உங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இந்த ஒரு தடவை மட்டும் எனக்காக, ஆறோட நிறுத்திடுண்ணா."